கொழும்புச் சீட்டும் தகரச் சீட்டும்

திருவனந்தபுரத்து வலியசாலையில் கலத்தைப் பற்றிய பேச்சு புதிதன்று. முதலாம் இராசராசன் காந்தளூர்ச்சாலையில் கலமறுத்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. அந்தக் காந்தளூர்ச்சாலை வலியசாலை மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த இடமே என்பர் ஒரு சாரார். விழிஞத்தை அடுத்தது என்பர் வேறு சிலர். கலம் என்றது மரக்கலமா, உண்கலமா என்பதிலும் அறிஞர்கள் ஒன்றுபட்டாரில்லை. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். இன்று நாம் பேசப் புகுவது வேறு கலத்தைப் பற்றி. ஒரு ரயில் நிலையத்தில் வாங்கிய சீட்டைக் கொண்டே கடலைக் கடந்து, வேறொரு நாட்டு ரயிலில் ஏறிச் செல்ல வழி செய்த நீராவிக் கப்பலைப் பற்றி. அந்தச் சீட்டு எவ்வாறு பிறந்தது, அதனை வாங்கியவர் யார், வாங்காமலே ஏற்றப்பட்டவர் யார் என்பவையே நம் பொருள்.

வலியசாலை அக்கிரகாரத்திலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பல, கோயில் பணியும் அரசுப் பணியும் நாடிக் கிழக்கேயிருந்து வந்தவை. பக்கத்தில் இராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் வணிகர் நிறைந்திருந்தனர். இவர்களுக்கெல்லாம் பிறந்த ஊர் ஒரு நாட்டில், பிழைக்கும் ஊர் வேறொரு நாட்டில். வேறு நாடு என்பது மிகையன்று. திருவிதாங்கூருக்குத் தனி அரசர், தனி அஞ்சல், தனி நாணயம். சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், ஆங்கில ரூபாய்க்கு 28½ சக்கரம். எல்லையைக் கடப்பவர் எவரும் அந்த அரைச் சக்கரத்தை மறக்கலாகாது. எல்லையில் சௌக்கை என்னும் சுங்கச் சாவடி. 1865-ஆம் ஆண்டு உடன்பாட்டினால் பல பண்டங்களுக்கு உள்நாட்டுச் சுங்கம் நீங்கியபோதும், புகையிலை போன்றவற்றின்மீது சர்க்கார் வைத்த கண் நீங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இருந்த மதிப்பை அறிந்தவர்க்கு அதன் காரணமும் விளங்கும்.

வலியசாலையிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்வழி தெற்கே நாகர்கோவில் சென்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்பது. அது வண்டிப் பாதை. அவ்வழியில் ரயில் வரும் என்று எதிர்பார்த்த தலைமுறைகள் கழிந்து, 1979-இல் திருவனந்தபுரம் கன்னியாகுமரிப் பாதையும், 1981-இல் நாகர்கோவில் திருநெல்வேலிப் பாதையும்தாம் அந்தக் குறையைத் தீர்த்தன. முதலில் வந்த ரயிலோ தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது. 1904-ஆம் ஆண்டில் கொல்லத்திலிருந்து புனலூருக்கும், அவ்வாண்டு இறுதியில் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. அது 1918-இல் சாக்கை வரையிலும், 1931-இல் தம்பானூர் வரையிலும் நீண்டது. திருநெல்வேலிக்குத் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டிய வலியசாலைக்காரர், வடக்கே கொல்லம் சென்று, கிழக்கே திரும்பி, பதின்மூன்று கண் பாலத்தையும் சுரங்கங்களையும் கடந்து செங்கோட்டையை அடைந்தார். மலைக்குக் கிழக்கே இருப்பினும் செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அடுத்த தென்காசியோ ஆங்கிலச் சீமை. இவ்விரண்டு நிலையங்களுக்கும் இடையே ஒரு நாடு முடிந்து மற்றொரு நாடு தொடங்கியது. ஆயினும் பயணி இறங்கி வேறு சீட்டு வாங்கவில்லை. இரு பக்கமும் தென்னிந்திய ரயில்வேயின் வண்டியே ஓடியது. அதற்கு இடம் கொடுத்துத் திருவிதாங்கூர் அரசு தண்டவாள நிலத்தின்மீது தனக்கிருந்த நீதி அதிகாரத்தையே ஆங்கில அரசுக்கு விட்டுக் கொடுத்திருந்தது. தடையின்றிச் செல்லும் சீட்டுக்கு ஓர் அரசு கொடுத்த விலை அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது செங்கோட்டை சென்னை மாநிலத்திற்குச் சென்றது. எல்லை மேற்கே ஆரியங்காவுப் பக்கம் நகர்ந்தது, தண்டவாளம் நகரவில்லை.

இரண்டு ரயில் நிறுவனங்களுக்கிடையே ஒரே சீட்டு செல்லுவது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். பணம் முழுவதையும் பெறுபவன் ஒருவன், உழைப்பவர் பலர். யாருக்கு எவ்வளவு என்று பங்கிட வேண்டும். இந்தச் சிக்கல் முதலில் எழுந்த இடம் இங்கிலாந்து. தச்சுத் தொழிலிலிருந்து நிலைய அதிகாரி வேலைக்கு வந்த தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் 1830-களின் இறுதியில் வரிசை எண் இட்ட தடித்த அட்டைச் சீட்டைக் கண்டார். நம்மில் மூத்தவர் கையில் பிடித்த அந்தச் சிறு அட்டையே அது. எண் இருந்தமையால் எத்தனை சீட்டு விற்றது என்பதை ஒளிக்க இயலாது. 1842-இல் இலண்டனில் ரயில்வேக் கணக்குத் தீர்க்கும் நிலையம் ஒன்று தோன்றி, ஒரு கம்பெனி விற்ற சீட்டில் மற்றக் கம்பெனிகளுக்குரிய பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்கலாயிற்று.

நாடு விட்டு நாடு செல்லும்போது சிக்கல் இன்னும் பெரிது. அதனை விலைப்பொருளாக்கியவர் தாமஸ் குக். பல நாட்டு ரயில்களுக்கும் உரிய தாள்களை ஒரு சிறு புத்தகமாகத் தைத்துக் கொடுத்தால், அந்தந்த ரயில்காரர் தமக்குரிய தாளைக் கிழித்துக் கொள்வார். பயணிக்கு மொழி தெரிய வேண்டா, நாணயம் மாற்றும் தொல்லையும் இல்லை. 1883-இல் பாரிசிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குப் புறப்பட்ட புகழ் வாய்ந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்கூட முதலில் நேரே சென்று சேரவில்லை என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்புறுவர். ருமேனியாவில் இறங்கி, டான்யூப் ஆற்றைப் படகில் கடந்து, பல்கேரியாவில் வேறு ரயிலேறி, கருங்கடற் கரையில் கப்பல் ஏற வேண்டியிருந்தது. நேரடி ரயில் 1889-இல்தான் வந்தது. மற்றொன்றையும் கருத வேண்டும். ஐரோப்பிய அரசுகள் பெர்ன் நகரில் கூடி எல்லை கடக்கும் ரயில் சரக்கிற்குப் பொது விதி செய்தது 1890-இல். பயணிகளுக்கும் அவர்தம் மூட்டைகளுக்கும் அத்தகைய உடன்பாடு ஏற்பட்டது 1924-இல். சரக்குக்கு முதலில், மனிதனுக்குப் பின்னர். இந்த வரிசையை நினைவில் வைத்துக் கொள்வோம். நம் கதையிலும் அது வரும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது முதல் கொழும்புக்குச் செல்லும் பெருவழி அதுவே. சென்னையிலிருந்து ரயில், தூத்துக்குடியிலிருந்து கப்பல். துறை ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகள் சிறு படகில் அலையில் ஆடிச் சென்று ஏற வேண்டும். அந்தக் கப்பல்களை நடத்தியது பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி. சீட்டின் விலையைத் தீர்மானிப்பவர் ஒருவரே என்ற நிலை இருந்தது. அந்நிலையைத்தான் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி உடைத்தார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக் கொண்டே போயிற்று; இறுதியில் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுக்க முன்வந்ததாகத் தூத்துக்குடியில் வழங்கும் பேச்சு இன்றும் கேட்கலாம். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். கம்பெனியும் சில ஆண்டுகளில் மறைந்தது. வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகச் சீட்டு விற்பதே அந்நாளில் அரசை எதிர்க்கும் செயலாக எண்ணப்பட்டது.

தூத்துக்குடியின் இடத்தைத் தனுஷ்கோடி பிடித்தது. 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 கண்களும், நடுவே கப்பல் செல்ல இரு கைகளைப் போல் மேலே தூக்கும் பகுதியும் கொண்டு, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய அப்பாலத்தின் வழியே ரயில் இராமேசுவரத் தீவுக்குள் புகுந்து தனுஷ்கோடித் துறை வரையில் சென்றது. அக்கரையில் இலங்கை அரசு அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை போட்டது. இடையே இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கடல். அதனைக் கடக்கக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என மூன்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள். பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்பவை அவ்விடத்தைப் பெற்றன.

ரயில் பெட்டியையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இக்கரைப் பாதை மீட்டர் அகலம்; அக்கரைப் பாதை ஐந்தரை அடி அகலம். பெட்டி கடக்க முடியாது. ஆகவே சீட்டு மட்டும் கடந்தது. சென்னை எழும்பூரில் கொழும்புக் கோட்டை நிலையத்திற்கு ஒரே சீட்டு வாங்கலாம். முதல் நாள் இரவு எழும்பூரில் ஏறினால், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. இரண்டு மணி நேரம் கப்பல். இரவு முழுவதும் இலங்கை ரயில். மூன்றாம் நாள் காலை கொழும்பு. இதற்கு மக்கள் வைத்த பெயர் போட் மெயில். தென்னிந்திய ரயில்வேயும் இலங்கை அரசு ரயில்வேயும் பணத்தைப் பின்னர்ப் பங்கிட்டுக் கொண்டன. ஓரியண்ட் எக்ஸ்பிரஸின் முதற்பயணிகள் டான்யூப் கரையில் செய்ததை நம்மவர் தனுஷ்கோடி மணலில் செய்தனர். சிறப்பு என்று சொல்வதாயின், நம்மவர் அதனை ஐம்பது ஆண்டுகள் இடைவிடாது செய்தனர். வணிகர், வழக்கறிஞர், நாடகக் குழுவினர், கதிர்காமத்துக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் யாத்திரிகர் எனப் பலரும் இந்த வழியே போயினர், வந்தனர். திருவிதாங்கூரிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கொழும்பு சென்றவர் பலர்.

ஆனால் இந்தப் பாலமும் துறையும் இவர்களுக்காக மட்டும் எழுந்தன என்று எண்ணினால் வரலாற்றின் பெரும்பகுதியை விட்டவராவோம். வண்டியின் முன்பகுதியில் மெத்தையிட்ட வகுப்பில் அமர்ந்தவர் சிலர். கடைசிப் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாக ஏற்றப்பட்டவர் பெருந்தொகையினர். அவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் எளிய மக்கள்.

இவர்களுடைய முன்னோருக்கு ரயிலும் இல்லை, சீட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறண்ட நிலமுமாகிய வடபாதையில் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியில் வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். அந்த நடைபாதை 1899-இல் மூடப்பட்டது. தோட்டக்காரர்கள் திருச்சியில் தொழிலாளர் கமிஷன் ஒன்றை 1904-இல் அமைத்தனர். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசு நோய்த் தடுப்பு முகாம்களை நடத்தியது. ஆளெடுப்பதற்குக் கங்காணி ஊருக்கு வந்தான். அவன் கையில்தான் நாம் சொல்ல வந்த மற்றச் சீட்டு இருந்தது.

1901-இல் ஏற்பட்ட முறை அது. சிறு தகர வில்லை. அதில் தோட்டம் அமைந்த மாவட்டத்திற்குரிய எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு துளையிட்டுக் கயிறு கோத்து, கூலியின் கழுத்தில் கட்டுவர். முகாமில் அதனைக் காட்டினால் உணவும் கப்பலும் ரயிலும் கிடைக்கும். தோட்டத்திற்கு அருகிலுள்ள நிலையத்தில் இறக்கிவிடப்படுவர். கையில் காசு வேண்டா; எழுத்தறிவும் வேண்டா. நடந்தே மாண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இஃது உயிர் காத்த ஏற்பாடு என்பதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் இந்தச் சீட்டின் இயல்பைப் பார்க்க வேண்டும். ரயிலில் பார்சல் அனுப்புவோர் 'டு பே' என்று எழுதி அனுப்புவதுண்டு. கூலியை அனுப்புகிறவர் கொடுக்க மாட்டார், பெறுகிறவர் கொடுத்துப் பெற்றுக் கொள்வார் என்பது அதன் பொருள். தகரச் சீட்டு அந்த வகை. செலவைத் தோட்டம் கொடுத்தது. தோட்டம் கொடுத்ததும் கங்காணி முன்பணமாகத் தந்ததும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அட்டைச் சீட்டில் பயணி செல்லும் ஊர் இருக்கும். பயணியின்மீது யாருக்கும் உரிமை இராது. தகரச் சீட்டில் இருந்ததோ உரிமையாளரின் எண். அட்டைச் சீட்டைச் சேருமிடத்தில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தால் கணக்கு முடிந்தது. தகரச் சீட்டோ சேருமிடத்தில்தான் கணக்கைத் தொடங்கிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், பழைய கடனைக் குறித்துத் தரும் 'துண்டு' வேண்டும். புதிய துரை கடனைத் தீர்த்து ஆளைப் பெறுவார். துண்டு முறை 1921-இல் சட்டத்தினால் ஒழிந்தது. 1923 முதல் ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின்மீது சுமத்தாது பொது நிதியிலிருந்து ஈடு செய்யும் முறை வந்தது. 1939-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதையே தடுத்தது. இலங்கையில் இந்தியர்மீது எழுந்த வெறுப்பும், அரசுப் பணியிலிருந்து அவர்கள் நீக்கப்பட்டதும் அதற்குக் காரணம்.

விடுதலைக்குப் பின் சீட்டின் மதிப்பே மாறிற்று. இலங்கையின் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் 1948-இல் பிறந்தன. எழும்பூரில் பணத்தை நீட்டினால் மட்டும் போதாது. கடவுச்சீட்டும் இசைவுச்சீட்டும் முன்னே நீட்ட வேண்டும். தகரம் கட்டி அழைத்துச் செல்லப்பட்டோரின் பேரர்கள், பிறந்த மண்ணிலேயே எந்நாட்டவரும் அல்லாராயினர். ஏழு எட்டுத் தலைமுறைக் கணக்கெல்லாம் வேண்டா. தந்தை பிறந்தது இலங்கையில் என்று எழுத்தில் காட்டும் பிறப்புப் பதிவு லயத்து அறையில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? ஏற்றி வரும்போது எண்ணைப் பொறிக்க மறவாத நிர்வாகம், வந்தவரின் பெயரைப் பதிய அத்தனை அக்கறை காட்டவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இலால்பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974-இல் அவர்களையும் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்துக் கொண்டனர். ஆறு இலக்க எண்களில் மனிதரைப் பேசும்போது ஒரு குடும்பத்தில் தாய் இங்கே, மகள் அங்கே என்று ஆவது எழுத்தில் தெரிவதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இரண்டு திங்கள் ஆகவில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில் கடல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டி, ஏறியிருந்த அனைவருடனும் அலையில் மறைந்தது. துறையும் நிலையமும் சுங்க அலுவலகமும் சிதைந்து மணலில் நின்றன. சேதமுற்ற பாம்பன் பாலத்தைச் சீர் செய்து சில திங்களில் ரயிலை விட்டனர். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. கப்பல் இனி இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. இராமானுசம் என்னும் கப்பல் 1984 வரையில் தலைமன்னாருக்குச் சென்று வந்தது. அந்தக் கப்பலில்தான் தாயகம் திரும்புவோர் வந்திறங்கினர். கூலிகளை நோய் பார்த்து அனுப்பிய அதே மண்டபம் முகாம், திரும்பி வந்தோரை ஏற்றுத் தங்கவைக்கும் முகாமாயிற்று. மண்டபத்தில் அவர்களுக்கு மீண்டும் எண் இட்ட அட்டை கிடைத்தது. போகும்போது எந்தத் தோட்டம் என்று பிறர் முடிவு செய்தது போல, வந்தபின் எந்த ஊர் என்பதையும் பெரும்பாலும் பிறரே முடிவு செய்தனர்.

உள்நாட்டுப் போர் கப்பலை நிறுத்திற்று. மன்னார்ப் பகுதியின் தண்டவாளங்களையும் அழித்தது. 2015-இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. இக்கரையில் பாம்பனின் பழைய பாலம் 2022-இல் ஓய்வு பெற, 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. இக்கரைப் பாதையும் இப்போது அகலப் பாதையாகிவிட்டது. இரு நாட்டுத் தண்டவாளங்களும் ஒரே அளவாய் எதிரெதிரே நிற்கும் காலத்தில், இடையே ஓடும் கப்பலைக் காணோம். 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. அது வேறு வழி, அதற்கு வேறு சீட்டு.

திரும்பியவர் எங்கே சென்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரே பலர். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அவர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கத்தோடு உருவானது. வேறு சிலர் கேரளத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்காக 1976-இல் அமைந்த மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியின் தலைமையிடம் புனலூர். வலியசாலையின் முன்னோர் 1904-இல் திறந்த பாதையில் ஆங்கிலச் சீமைக்குச் செல்லும் வழியில் கடந்து போன அதே புனலூர். கொல்லம் செங்கோட்டைப் பாதை அகலமாக்கப்பட்டு 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அதில் கிழக்கு நோக்கிச் செல்பவர் சன்னலோரம் அமர்ந்தால், மலைச்சரிவில் ரப்பர் மரங்களைக் காணலாம். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுட் சிலரது வீட்டில் பேசப்படும் தமிழ், கண்டிச் சீமையின் தமிழ்.